ஏ-லெவல் புவியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ (16 வயதுத் தேர்வு) முடித்து, சிக்ஸ்த் ஃபார்மில் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டு) ஏ-லெவல் பாடமாகப் புவியியல் எடுக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கும், பக்கத்தில் நின்று பார்க்கிற பெற்றோருக்கும் இது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து முறைகள் வேறு. அவற்றை இங்கே தொடவில்லை.

புவியியல் என்றால் நாடு, தலைநகரம், ஆறு, மலை எல்லாம் மனப்பாடம் பண்ணுவதுதானே?

ஏ-லெவல் தாள் எதிலும் தலைநகரம் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் இயற்கைப் புவியியல்: நீர்ச் சுழற்சி, கார்பன் சுழற்சி, கடற்கரை அல்லது பனியாறு அல்லது பாலைவனம், நிலநடுக்கம், எரிமலை. மறுபக்கம் மானுடப் புவியியல்: உலகமயமாதல், உலக ஆளுகை, இடங்கள் மாறும் விதம், நகரம், மக்கள்தொகை, இடப்பெயர்வு.

ஜிசிஎஸ்இ-யில் "அலை அடித்துக் குன்று அரிகிறது" என்று காரணம் சொன்னால் போதும். இங்கே கடற்கரையை ஒரு தொகுதியாகப் பார்க்கச் சொல்வார்கள்: உள்ளே என்ன வருகிறது, எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது, ஒன்றைத் தொட்டால் மற்றது எப்படி அசைகிறது. பின்னூட்டம் என்ற சொல் முதல் மாதத்திலேயே வந்துவிடும். ஆர்க்டிக் பனி உருகினால் வெள்ளைப் பரப்பு குறைந்து கருமையான கடல்நீர் தெரிகிறது. அது வெப்பத்தைக் கூடுதலாக உறிஞ்ச, இன்னும் பனி உருகுகிறது. இது நேர்ப் பின்னூட்டம். "நேர்" என்பதை "நல்லது" என்று எழுதிவைக்கிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. மாற்றம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

இப்போதைய பாடத்திட்டம் 2016 செப்டம்பரில் தொடங்கி 2018-ல் முதல் தேர்வைக் கண்டது. இரண்டு ஆண்டுப் படிப்புக்கும் சேர்த்து, எழுத்துத் தாள்கள் அத்தனையும் கடைசிக் கோடையில்தான். 80 சதவீதம் தேர்வு, 20 சதவீதம் கள ஆய்வு. நடுவில் ஏஎஸ் என்ற தனித் தேர்வை எழுதினாலும் அந்த மதிப்பெண் ஏ-லெவலில் சேராது.

எந்தத் தேர்வு வாரியம் நல்லது?

தேர்ந்தெடுப்பது பள்ளி, பிள்ளைக்கு அதில் பேச்சில்லை. ஆனாலும் எது என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தாள்களின் அமைப்பே வேறு.

ஏக்யூஏ-யில் இரண்டு தாள். ஒவ்வொன்றும் 2 மணி 30 நிமிடம், 120 மதிப்பெண், 40 சதவீதம். எடெக்செலில் மூன்று தாள், ஒவ்வொன்றும் 2 மணி 15 நிமிடம். முதல் இரண்டுக்கும் 105 மதிப்பெண், 30 சதவீதம் வீதம்; மூன்றாவது 70 மதிப்பெண், 20 சதவீதம். இந்த மூன்றாம் தாளில் ஒரு தகவல் கையேடு தருவார்கள். அதைப் படித்து, இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கோத்து எழுத வேண்டும். ஓசிஆரில் 1 மணி 30 நிமிடத் தாள் இரண்டு, 22 சதவீதம் வீதம். பிறகு 2 மணி 30 நிமிடத்தில் 36 சதவீதத்துக்கு ஒரு பெரிய தாள். அந்தப் பெரிய தாளில் ஒரே கட்டுரைக்கு 33 மதிப்பெண் வரை உண்டு. எடுகாஸ் என்று நான்காவதும் இருக்கிறது. கள ஆய்வு எல்லாவற்றிலும் 20 சதவீதம்.

வாரியம் தெரிந்தால் மட்டும் போதாது, விருப்பப் பகுதிகளும் தெரிய வேண்டும். ஏக்யூஏ படிக்கிற இரண்டு பள்ளிகளில் ஒன்று கடற்கரை நடத்தும், மற்றது பனியாறு நடத்தும். அக்காவின் பழைய குறிப்பேடு தம்பிக்கு உதவாமல் போவதும், வாங்கிய வழிகாட்டிப் புத்தகம் பாதி வீணாவதும் இதனால்தான். முதல் வாரமே ஆசிரியரிடம் வாரியத்தையும் விருப்பப் பகுதிகளையும் கேட்டு எழுதி வையுங்கள். வாரியத்தின் இணையதளத்தில் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கும். அதுவே மீட்டலுக்கு நல்ல சரிபார்ப்புப் பட்டியல்.

ஜிசிஎஸ்இ-யில் புவியியல் எடுக்கவில்லை. சேர முடியுமா?

பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். நிபந்தனை பள்ளிக்குப் பள்ளி மாறும். எழுத்து ஆங்கிலம் நன்றாக இருந்தால் சமாளிக்கலாம், ஏனென்றால் இது கட்டுரைப் பாடம். வரைபடம் வாசிப்பதும் புவித்தட்டுகள் நகர்வது பற்றிய பாடமும்தான் பின்தங்கும். கோடையில் இரண்டு வாரம் உட்கார்ந்தால் அதையும் பிடித்துவிடலாம்.

கணக்கு எவ்வளவு வரும்? கணிதத்தில் சுமார்தான்.

வகைநுண்கணிதம் எதுவும் இல்லை. சராசரி, இடைநிலை, கால்மான வீச்சு, திட்ட விலக்கம், பிறகு இரண்டு மூன்று புள்ளியியல் சோதனைகள். அதிகம் பயன்படுவது ஸ்பியர்மன் தர ஒட்டுறவு: ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா, குறைகிறதா என்று வரிசைத் தரத்தை வைத்துப் பார்ப்பது. ஒரு தடவை கையால் செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

கடற்கரையில் 100 மீட்டருக்கு ஓர் இடம் என்று 10 இடங்களில் கூழாங்கல் அளந்ததாக வைத்துக்கொள்வோம் (கணக்குக் காட்ட எடுத்துக்கொண்ட எண்கள்). சராசரி அளவு மில்லிமீட்டரில், முதல் இடத்திலிருந்து வரிசையாக: 62, 58, 60, 51, 53, 44, 47, 39, 35, 37. கரையோர மணல் நகர்வு (அலை மணலையும் கல்லையும் கரை நெடுகத் தள்ளிச் செல்வது) போகிற திசையில் கல் சிறுக்கிறதா என்பது கேள்வி.

தூரத்துக்குத் தரம் 1 முதல் 10 வரை நேராகப் போகும். கல்லுக்கும் மிகச் சிறியதற்கு 1 என்று தரம் கொடுத்தால் வருவது: 10, 8, 9, 6, 7, 4, 5, 3, 1, 2. தூரத் தரத்திலிருந்து கல் தரத்தைக் கழியுங்கள்: −9, −6, −6, −2, −2, 2, 2, 5, 8, 8. இவற்றைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் தரம் போட்டதில் பிழை. மேலே போகாமல் திரும்பிப் பாருங்கள். இப்போது ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 322. அதை 6-ஆல் பெருக்கினால் 1932. இடங்களின் எண்ணிக்கை 10 என்பதால் கீழே 10 × (100 − 1) = 990. 1932 ÷ 990 = 1.95. ஒன்றிலிருந்து கழித்தால் −0.95.

10 சோடிக்கு 5 சதவீத மட்டத்தில் (தற்செயலாக இப்படி வர 5 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை என்ற அளவில்), இருபக்கச் சோதனையின் வரம்பு மதிப்பு 0.648. குறியை விட்டுப் பார்த்தால் 0.95 அதைவிடப் பெரிது. ஆகவே "தொடர்பு எதுவும் இல்லை" என்ற இன்மைக் கருதுகோளைத் தள்ளலாம்.

வழுக்குகிற இடங்கள் சில. ஒரு வரிசைக்குச் சிறியதிலிருந்தும் மற்றதற்குப் பெரியதிலிருந்தும் தரம் போட்டால் விடையின் குறி தலைகீழாகும். இரண்டு இடத்துக்கு ஒரே அளவு வந்தால் தரத்தைப் பங்கிட வேண்டும்: 4-ம் 5-ம் மோதினால் இரண்டுக்கும் 4.5. கடைசியில் ஒன்றிலிருந்து கழிக்க மறந்து 1.95 என்று விடை எழுதுவது இன்னொன்று. இந்தக் கெழு −1-க்கும் +1-க்கும் வெளியே போகவே போகாது. எல்லாம் சரியாக வந்த பிறகும் "ஆகவே மணல் நகர்வுதான் காரணம்" என்று தாவக் கூடாது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கலாம், உள்ளூராட்சிச் சபை லாரியில் கல் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். சோதனை தொடர்பைக் காட்டும். காரணத்தை நீங்கள்தான் வாதாட வேண்டும்.

என்இஏ என்று பிள்ளைகள் சொல்வது என்ன? தலைப்பை எப்படி எடுப்பது?

அதுதான் அந்த 20 சதவீதம்: தனிக் கள ஆய்வு. பிள்ளையே கேள்வி கண்டுபிடித்து, களத்தில் தரவு எடுத்து, அலசி, 3000 முதல் 4000 சொல்லுக்குள் எழுத வேண்டும். இந்த நீளம் அறிவுரைதான், ஆனாலும் 7000 சொல் எழுதினால் வாதம் கரைந்துபோகும். ஏ-லெவல் மாணவர் குறைந்தது நான்கு நாள் களப்பணி செய்திருக்க வேண்டும் என்பது தேசிய விதி. தரவைக் குழுவாகச் சேர்க்கலாம். கேள்வியும் அலசலும் எழுத்தும் தனியாள் வேலை.

ஏக்யூஏ-யில் மொத்தம் 60 மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: முன்னுரையும் பின்னணி வாசிப்பும் 10, கள முறைகள் 15, அலசல் 20, முடிவும் மதிப்பீடும் முன்வைப்பும் 15. முன்னுரைக்கு 1500 சொல் செலவழித்துவிட்டு அலசலுக்கு மூச்சு வாங்குகிறவர்கள் இந்தப் பிரிவினையைப் பார்க்காதவர்கள்.

பாதி ஆய்வுகள் தலைப்பிலேயே கெடுகின்றன. "லண்டனில் ஏற்றத்தாழ்வு" என்பது தலைப்பாகாது. நான்கு நாளில் லண்டனை யார் அளப்பது? "ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ரயில் நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூடக் கடைகளின் வகையும் தெருவின் தரமும் எவ்வளவு தூரம் மாறுகின்றன?" என்றால் வேலை நடக்கும். அளக்க இரண்டு விஷயம், நடந்து முடிக்கிற தூரம், சோதிக்க ஒரு கருத்து மூன்றும் அதில் இருக்கின்றன. விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியும் ஆகாது. இங்கிலாந்தின் கிழக்குக் கரை ஊர் ஒன்றைப் பற்றி "மேப்பிள்டனில் கடலரிப்பு நடக்கிறதா?" என்று கேட்டால் நடக்கிறது என்று உலகத்துக்கே தெரியும்.

துணைக் கேள்விகள் இரண்டு அல்லது மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தரவு, எந்த வரைபடம், எந்தச் சோதனை என்று ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். ஏதாவது கட்டம் காலியாக நின்றால் அந்தத் துணைக் கேள்வியை இப்போதே வெட்டிவிடுங்கள்.

களத்தில் எதெல்லாம் கெட்டுப்போகும்?

கூழாங்கல் அளப்பதில் கண் ஏமாற்றும். கை தானாகவே பெரிய, அழகான கல்லுக்குப் போகும். அளக்கிற பரப்பைக் குறிக்கும் சதுரச் சட்டகத்தை மணலில் வைத்து, கண்ணை மூடி, விரல் தொட்ட கல்லை எடுங்கள். ஓர் இடத்துக்கு 20 கல்லாவது வேண்டும். நீளம், அகலம், தடிப்பு மூன்றில் நடு அளவைக் காலிப்பரில் எடுப்பது வழக்கம். ஸ்கேலை வைத்து உத்தேசமாக அளந்தால் 5 மில்லிமீட்டர் அங்குமிங்கும் போகும். பத்து இடத்துக்கும் கடற்கரையில் ஒரே உயர மட்டத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் நீர்விளிம்பிலும் இன்னோரிடத்தில் மேட்டிலும் அளந்தால், ஒப்பிடுவது வேறு விஷயமாகிவிடும்.

ஓத அட்டவணை பார்க்காமல் கடற்கரைக்குப் போகாதீர்கள். நீர் வடிகிற நேரத்தில் தொடங்கினால்தான் வேலையும் முடியும், வழியும் அடைபடாது. குன்றின் அடியில் நின்று அளப்பதைப் பள்ளியின் இடர் மதிப்பீடு எப்படியும் அனுமதிக்காது.

தெருவின் தரத்தை −3 முதல் +3 வரை மதிப்பெண் இட்டு அளப்பது எளிது, அதனாலேயே ஆபத்து. "சுத்தம்" என்றால் உங்களுக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று. −3 என்றால் 10 மீட்டருக்குள் ஐந்து குப்பைத் துண்டுக்கு மேல் என்று வரையறை எழுதிவைத்து, முதல் இடத்தில் இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இதுதான் முன்னோட்டம். அதைச் செய்ததையும், அதனால் எதை மாற்றினீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதினால் கள முறைப் பகுதிக்கு வலு.

ஒலி அளக்கும் செயலி ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு எண் காட்டும். எல்லா இடத்துக்கும் ஒரே போனையே பயன்படுத்துங்கள். நடமாட்டம் எண்ணுகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் எண்ண ஆள் பிடியுங்கள். ஓரிடத்தில் காலை 9 மணிக்கும் இன்னோரிடத்தில் பள்ளி விடும் நேரத்திலும் எண்ணினால் இடத்தை அல்ல, நேரத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

கருத்துக்கணிப்புக்கு 12 பேர் போதாது. 30-க்குக் குறைந்தால் சதவீதம் போடுவதே வேடிக்கை. சனிக்கிழமை மத்தியானம் கடைவீதியில் நின்றால் வேலைக்குப் போனவர்களும் நடக்க முடியாத முதியவர்களும் தப்பிப்போவார்கள். அதை மறைக்காதீர்கள். யார் விடுபட்டார்கள், அதனால் விடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எழுதுவதுதான் மதிப்பீடு. "நேரம் போதவில்லை, மழை பெய்தது" என்று எழுதுவது சாக்கு.

ஆசிரியரோ டியூஷன் ஆசிரியரோ ஏஐ-யோ எவ்வளவு உதவலாம்?

திட்டத்தை ஆசிரியர் பார்த்து, நடக்கக்கூடியதா, பாதுகாப்பானதா என்று சொல்லலாம். வகுப்பில் முறைகளைக் கற்பிக்கலாம். பிள்ளை எழுதிய வரைவைத் திருத்தி "இந்தப் பத்தியை இப்படி மாற்று" என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆசிரியர் உதவவில்லை என்று பெற்றோர் குறைப்படுவதில் பெரும்பகுதி இந்த விதி தெரியாததால் வருவது. டியூஷன் ஆசிரியர் எழுதிக்கொடுத்தாலும், ஏஐ எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டினாலும் முறைகேடுதான். வேலை தன்னுடையது என்று பிள்ளை கையெழுத்திட வேண்டும், ஆசிரியரும் அதை உறுதிப்படுத்த வேண்டும். ஆய்வைப் பார்க்காத நண்பருக்கு வீட்டில் வாய்விட்டு விளக்கிச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை. விளக்க முடியாத இடம் எழுத்திலும் ஓட்டையாகத்தான் இருக்கும்.

நம்ம ஆட்கள் இருக்கிற ஊரையே, அல்லது யாழ்ப்பாணத்தையே எடுத்துப் படிக்கலாமா?

"மாறும் இடங்கள்" என்ற பகுதியில் பிள்ளை வாழ்கிற இடம் ஒன்றையும் அதற்கு மாறான இடம் ஒன்றையும் ஆழமாகப் படிக்க வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற இடங்கள் இதற்கு வளமானவை. உள்ளே வாழ்கிறவரின் பார்வைக்கும் வெளியாள் பார்வைக்கும் உள்ள இடைவெளி அங்கே கடைப்பலகையிலேயே தெரியும். மாறான இடமாக யாழ்ப்பாணத்தையோ மதுரையையோ எடுப்பது ஆசிரியர் நடத்துவதைப் பொறுத்தது. பல பள்ளிகளில் வகுப்புக்கு முழுதும் ஒரே இடம்தான். என்இஏ-க்கு மட்டும் விடுமுறையில் ஒரே தடவை போய்வருகிற ஊரை எடுக்காதீர்கள். ஏதாவது விட்டுப்போனது டிசம்பரில்தான் தெரியவரும். அப்போது திரும்பப் போக முடியாது.

குடும்பத்தார் சொல்கிற நினைவு நல்ல பண்புசார் தரவு. ஆனால் "அம்மா சொன்னார்" என்பதோடு நிற்காமல் எண்ணோடு உரசிப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இங்கேதான் கை கொடுக்கும், கவிழ்க்கவும் செய்யும். முதன்மை மொழி எது என்ற கேள்வி இங்கிலாந்தில் 2011-ல்தான் முதன்முதலாக வந்தது. இங்கே பிறந்து வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைக்கு முதன்மை மொழி ஆங்கிலம் என்று பதிந்திருப்பார்கள். ஆகவே தமிழ் என்று பதிவானவர் எண்ணிக்கை தமிழர் எண்ணிக்கை ஆகாது. இனக்குழுக் கேள்வியிலும் தமிழருக்குத் தனிக் கட்டம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் இந்தியர் கட்டத்தில் இருப்பார், இலங்கையிலிருந்து வந்தவர் பெரும்பாலும் "பிற ஆசியர்" என்பதில் இருப்பார். இந்த ஓட்டையை எடுத்துச் சொல்கிற மாணவர் தரவை எடைபோடத் தெரிந்தவர் என்று பெயர் வாங்குவார்.

2021 கணக்கெடுப்பு நாள் மார்ச் 21. கோவிட் கட்டுப்பாடு முழுதும் நீங்காத நேரம். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்ற பகுதியை 2011-ஓடு அப்படியே ஒப்பிட்டு "ரயில் பயணம் சரிந்தது" என்று முடிவு எழுதினால் அடி வாங்கும்.

அரசு பகுதிவாரியாக வெளியிடுகிற வறுமைக் குறியீடும் அப்படித்தான். அது ஏழு பிரிவுகளைச் சேர்த்துச் செய்தது: வருமானமும் வேலையும் 22.5 சதவீதம் வீதம், கல்வியும் உடல்நலமும் 13.5 வீதம், குற்றம், வீடு–சேவைத் தடைகள், வாழ்சூழல் மூன்றும் 9.3 வீதம். அது பகுதிகளை வரிசைப்படுத்துகிறது. ஒரு தெருவில் இருக்கிற எல்லாரும் ஏழை என்று சொல்வதில்லை. கடைத்தெரு மாற்றத்துக்குக் கூகுள் வீதிக் காட்சியின் பழைய படங்கள் 2008 வாக்கிலிருந்து கிடைக்கும். ஒவ்வொரு கடையாக அன்றும் இன்றும் என்று அட்டவணை போடுவது மலிவான, நம்பகமான இரண்டாம்நிலைத் தரவு (பிறர் சேர்த்து வைத்தது).

எத்தனை எடுத்துக்காட்டு மனப்பாடம் பண்ண வேண்டும்?

எண்ணிக்கையைவிட ஆழம் முக்கியம். ஓர் இடத்துக்கு ஐந்தாறு கூர்மையான விவரம் போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வாதத்தைத் தாங்க வேண்டும்.

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள ஹோல்டர்னஸ் கரையை எடுங்கள். பனியாறு விட்டுச்சென்ற களிமண் குன்று. ஆண்டுக்குச் சராசரி 2 மீட்டர் அளவில் பின்வாங்குகிறது. மணல் வடக்கிலிருந்து தெற்காக நகர்கிறது. 1991-ல் மேப்பிள்டனில் சுமார் 20 லட்சம் பவுண்டில், கிரானைட் பாறையால் இரண்டு தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீளும் தடுப்புகள்) கட்டினார்கள். ஊரையும் அதன் வழியே போகிற பி1242 சாலையையும் காப்பதற்காக. மணல் அங்கே தங்கியது. தெற்கே கிரேட் கௌடன் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராமல், அங்கே அரிப்பு வேகம் பிடித்தது. இவ்வளவுதான் விவரம். "ஓரிடத்துப் பாதுகாப்பு இன்னோரிடத்து இழப்பு" என்ற வாதத்துக்கும், "மணல் வரவு செலவு ஒரு தொகுதி" என்ற வாதத்துக்கும், "யாருக்காகக் காப்பது, யார் முடிவெடுப்பது" என்ற மானுடக் கேள்விக்கும் இந்த ஒன்றே போதும்.

நிலநடுக்கத்துக்கு 2010-ன் சோடி வசதியானது. ஜனவரியில் ஹெய்ட்டியில் அளவு 7.0, பிப்ரவரியில் சிலியில் 8.8. வெளியான ஆற்றலில் சிலி ஏறத்தாழ 500 மடங்கு பெரிது. சிலியில் இறந்தவர்கள் 500-ஐ ஒட்டி; ஹெய்ட்டியில் அரசு சொன்னது 3 லட்சத்துக்கு மேல், ஆனால் ஆளுக்கு ஒரு மதிப்பீடு என்று எண்ணே சர்ச்சை. ஆற்றல் மட்டுமே பேரிடரை உண்டாக்குவதில்லை, கட்டட விதியும் வறுமையும் ஆட்சியும் சேர்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமி எடெக்செல் பாடத்திலேயே புவித்தட்டு நகர்வால் வரும் பெரும் பேரிடராக வருகிறது. சுமத்ரா பக்கம் எழுந்த அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு இது வீட்டுக் கதை. தேர்வில் கதையாக அல்ல, "நேரம் இருந்தும் செய்தி போகவில்லை" என்ற ஆளுகைக் குறைபாடாக எழுத வேண்டும்.

20 மதிப்பெண் கட்டுரை எழுத நேரம் போதுவதில்லை. என்ன செய்வது?

ஏக்யூஏ-யில் 150 நிமிடத்துக்கு 120 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு 1 நிமிடம் 15 விநாடி. 4 மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம், 9-க்கு 11, 20-க்கு 25. நான்கு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர்தான் கடைசிக் கட்டுரையைப் பாதியில் விடுகிறார். எடெக்செல் மூன்றாம் தாளில் கையேடு வாசிக்க 20 முதல் 25 நிமிடம் ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுங்கள்.

ஏக்யூஏ 20-ல் 10 அறிவுக்கு, 10 அந்த அறிவைக் கேள்விக்குப் பயன்படுத்தி எடைபோடுவதற்கு. தெரிந்ததை எல்லாம் கொட்டினால் பாதியில் நிற்கும். முதல் 3 நிமிடத்தில், விடை என்ன என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: "கடினக் கட்டுமானம் உள்ளூரில் பலன் தருகிறது, ஆனால் கரை முழுதையும் பார்த்தால் நிலைக்காது." பிறகு மூன்று பத்தி. ஒவ்வொன்றின் கடைசி வரியும் அந்த வாக்கியத்தைத் தாங்குகிறதா, தள்ளுகிறதா என்று சொல்ல வேண்டும். "எவ்வளவு தூரம்" என்று கேட்டால் தூரத்தைச் சொல்லுங்கள். "இரு பக்கமும் உண்டு" என்று நழுவினால் மேல்மட்ட மதிப்பெண் கிடையாது.

வரைபடமும் அட்டவணையும் தந்து 6 மதிப்பெண் கேட்கிறார்கள். நன்றாக விளக்கியும் 2 தான் வருகிறது. ஏன்?

விளக்கியதால்தான். ஏக்யூஏ-யில் தரவை "அலசுக" என்று மட்டும் கேட்டால் அந்த 6-ம் தரவைக் கையாளும் திறனுக்கு. ஏன் அப்படி என்று காரணம் எழுதினால் அதற்கு மதிப்பெண்ணே இல்லை. பொதுப் போக்கைச் சொல்லி, எண்ணை எடுத்துக்காட்டி, விலகி நிற்கிற ஒன்றைப் பிடித்து, ஏதாவது ஒரு சிறு கணக்குப் போடுங்கள்: வீச்சு, மடங்கு, சதவீத மாற்றம். இரண்டு படம் இருந்தால் ஒன்றை மற்றதோடு இணையுங்கள். "உங்கள் அறிவையும் பயன்படுத்தி" என்று கேள்வியில் இருந்தால் மட்டும் காரணத்துக்குப் போங்கள்.

மருத்துவம் படிக்கிற எண்ணம். புவியியல் எடுத்தால் கெடுமா?

பெரும்பாலான மருத்துவப் படிப்புகள் வேதியியலையும், அதோடு உயிரியலையோ இன்னோர் அறிவியலையோ கேட்கும். மூன்றாம் பாடம் பல இடங்களில் திறந்தே இருக்கிறது. அந்தந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் சரிபாருங்கள். ரசல் குழுமம் என்ற முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 2019 வரை வைத்திருந்த "வழி திறக்கும் பாடங்கள்" பட்டியலில் புவியியலும் இருந்தது. பட்டப்படிப்பாக எடுத்தால் கலை இளங்கலையும் உண்டு, அறிவியல் இளங்கலையும் உண்டு. பேர் சொல்ல ஆள் வேண்டுமென்றால், முன்னாள் பிரதமர் தெரசா மே ஆக்ஸ்போர்டில் படித்தது புவியியல்.

களப்பயணத்துக்குக் காசு கேட்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

அரசு நிதியில் நடக்கிற பள்ளியில், பாடத்திட்டம் கேட்கிற களப்பணிக்குக் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது; விருப்பப் பங்களிப்பாகத்தான் கேட்கலாம். இரவு தங்கினால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கேட்கலாம். சில அரசு உதவித்தொகைகள் பெறும் குடும்பங்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. 16 முதல் 19 வயது மாணவருக்கான பர்சரி (உதவித்தொகை) நிதி பற்றிப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். கடிதம் வந்த வாரமே கேட்பது நல்லது. பேருந்து பதிவான பிறகு பேச்சு நீளும்.

கோடை விடுமுறையில் முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?

ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் நில அளவை நிறுவனம்) வரைபடம் ஒன்று வாங்கி, அல்லது நூலகத்தில் எடுத்து, வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். 1:25,000 வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். 1:50,000-ல் 2 சென்டிமீட்டர். சமவுயரக் கோடு நெருங்குகிற இடத்தில் கால் வலிக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்கக் குறியீடு எழுதப் பழகுங்கள்: கிழக்கு நோக்கிய மூன்று இலக்கம் முதலில், வடக்கு நோக்கிய மூன்று பிறகு. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை இறக்கி, கணக்கெடுப்புத் தரவில் ஒன்றைப் போட்டுப் பகுதிகளுக்கு நிறம் தீட்டிப் பாருங்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு அல்ல, சதவீதத்துக்கோ அடர்த்திக்கோ நிறம் கொடுங்கள். எண்ணிக்கைக்குக் கொடுத்தால் பெரிய பகுதி எல்லாம் கருமையாகி, வரைபடம் பரப்பளவைத்தான் காட்டும்.